மாலை போட்ட பானெட்

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு அறவே பிடிக்காதது ஒன்று உண்டு. "சார், சுத்திவளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. எஞ்சின நம்பலாமா, நம்பக் கூடாதா?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்வி. கூடப் பிறந்தவனை நம்பலாமா என்று கேட்டால் அரைமணி நேரம் யோசிக்கிறவர்கள், முன்பின் தெரியாத இரண்டு பேர் கைமாற்றி ஓட்டிய இரும்பைப் பற்றி என்னிடம் ஒரே வார்த்தை கேட்பார்கள். இதைவிட எரிச்சல் தருவது, நானும் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் என்பது.

பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினை எப்படிச் சோதிப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். எங்களிடம் இல்லாத கருவிகளும் உங்கள் பையில் இருக்கின்றன. எல்லாம் தெரிந்த ஒருவன் எப்படிச் சோதிக்காமல் விடுகிறான், விட்டபின் என்ன செய்கிறான் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அந்த ஒருவன் நான்தான்.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரக்கோணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்த தலைமை மெக்கானிக் பள்ளிக்கூடம் போகாதவர். விற்பனைக்கு வரும் வண்டியைத் தொடுவதற்கு முன்பே அதன் சொந்தக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "நைனா, கடைசியா எங்க நின்னுச்சி?" எப்போதாவது நின்றதா என்று கேட்க மாட்டார். எங்கே என்றுதான் கேட்பார். நின்றதா என்று கேட்டால், "நிக்கவே நிக்காது சார், தங்கம்" என்று சொல்லிவிடுவார்கள். எங்கே என்று கேட்டால் மனிதனுக்கு இடம் ஞாபகம் வந்துவிடுகிறது. "கனகம்மாசத்திரம் தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிர்ல" என்று வாய் தானாகப் பேசிவிடும். அதற்கப்புறம்தான் அவர் பானெட்டைத் தூக்குவார்.

படித்த எனக்கு அது ஏதோ சந்தைக்கடைத் தந்திரம்போலத் தோன்றியது. எஞ்சினைப் பற்றி எஞ்சினிடம்தானே கேட்க வேண்டும்? என் காது கூர்மையானது. ஓடுகிற எஞ்சினின் சத்தத்தை வைத்தே வால்வு எப்படி, பேரிங் எப்படி என்று சொல்வேன். சில வருடங்களில் சொந்த ஊரான திருத்தணிக்கே திரும்பி, தனியாக வண்டி பார்த்துச் சொல்லும் தொழிலை ஆரம்பித்தேன். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, மணவூர் என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "அவரு காதாலயே சொல்லிடுவாரு" என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலை முதலில் கெடுத்தது அந்தப் பேர்தான்.

புரோக்கர்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு வண்டியும் ஒரு டாக்டர் ஓட்டியதாக இருக்கும். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மையென்றால் வேலூர் வட்டாரத்து டாக்டர்களுக்கு வைத்தியம் பார்க்க நேரமே இருந்திருக்காது, வண்டி விற்கத்தான் நேரம் சரியாக இருந்திருக்கும். வாங்க வருகிறவர்களோ டயரை ஒரு உதை உதைப்பார்கள். சீட்டைத் தட்டுவார்கள். பாட்டுப்பெட்டியைப் போட்டுப் பார்ப்பார்கள். பாட்டு வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். இவர்களிடமெல்லாம் ஏமாறக் கூடாது என்று உஷாராக இருந்தவன், பொய்யே சொல்லத் தெரியாத இரண்டு மனிதர்களுக்கு நடுவில் நின்று தவறு செய்தேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். தேவசகாயம் சார் என்னைத் தேடி வந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவர் மனைவி எஸ்தரம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஊரிலிருந்து சோளிங்கருக்கு ஒரு பஸ், சோளிங்கரிலிருந்து வேலூருக்கு இன்னொரு பஸ். போகும்போது கால் வீக்கம், வரும்போது நிற்கத் தெம்பு இருக்காது.

"கார்னா அவங்களால குனிஞ்சி உள்ள ஒக்கார முடியல சார். ஜீப்புன்னா ஏற முடியல" என்றார். இரண்டுக்கும் நடுவாக ஒரு வண்டி அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. ஜீப்பைப்போல் நிமிர்ந்து நிற்கும், உள்ளே காரைப்போல் இருக்கும். இன்று நீங்கள் காம்பாக்ட் எஸ்.யூ.வி. என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் குட்டி ஜீப்பு என்பார்கள். பழையதாக அப்படி ஒன்று வேண்டும் என்றார்.

"ஏ.சி. வேணாம், பாட்டு வேணாம், கலர் எதுன்னாலும் சரி. நடுவழியில நின்னுடக் கூடாது. அது ஒண்ணுதான் சார் எனக்கு."

தெளிவான கோரிக்கை. இந்தத் தொழிலில் இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வண்டி சுந்தரத்திடம் இருந்தது. சுந்தரம் மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெளியே கல்யாணச் சமையலும் எடுத்துக்கொண்டிருந்தார். அண்டா குண்டாவை ஏற்றிப் போவதற்காக வாங்கிய குட்டி ஜீப்பு, வேலை பெருகியபின் போதவில்லை. வேன் வாங்கப் போகிறார். ஊரில் அவருக்கு நல்ல பேர். ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு கூடிவிட்டது என்று அவரே பந்திக்கு வந்து கைகூப்பிச் சொன்னாராம். அப்படிப்பட்டவர்.

"சாமிக்கு ஒரு தடவ காட்டிட்டுத்தான் சார் வேற கைக்குக் குடுப்பேன். காலைல மலைக்கு வந்துடுங்க. அங்கயே பாத்துக்கலாம்" என்றார். நான் சரி என்றேன். முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். மலைமேல் நிற்கும் வண்டி, மலையேறி வந்த வண்டி. அடுப்பிலிருந்து இறக்கிய பாலைத் தொட்டுப் பார்த்து, நேற்று அது எப்படி இருந்தது என்று சொல்வதுபோலத்தான்.

தேவசகாயமும் நானும் போனபோது பூசை முடிந்திருந்தது. பானெட்டின் அகலத்துக்குச் சாமந்தி மாலை. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. சுந்தரம் இலையில் பொங்கல் கொடுத்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டிய வண்டியை அதன் எதிரில் நின்று குறை சொல்லக் கூடாது. தாலி கட்டி முடித்த பெண்ணைப் பார்த்து, பல் கொஞ்சம் எடுப்பு என்று மணவறையிலேயே சொல்வதுபோல் ஆகிவிடும். எழுதாத சட்டம். நான் ஒரு எஞ்சினியர், எனக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பொங்கல் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாலையைப் பார்த்தபோது கை போகவில்லை.

இலையைப் போட்டுவிட்டு, கை கழுவி, பானெட் பக்கம் போனேன். தேவசகாயம் என் முழங்கையைத் தொட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேணாம் சார். மால கெடக்குது. நாங்க வேற வேதம். நான் வந்து நின்னவொடனே மாலய எடுத்துட்டாங்கன்னு அவரு மனசு நோகக் கூடாது" என்றார்.

"தெறக்காம எப்படி சார்?"

"உங்களுக்குத்தான் காதே போதுமே."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் மரியாதைக்காகச் சொன்னார். நான் மரியாதைக்காக விட்டேனா என்றால் இல்லை. அந்தக் கடைசி வார்த்தைக்காக விட்டேன். சுந்தரம் சாவியைக் கொடுத்தார். இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டேன். நல்ல சத்தம். பிறகு இருவரையும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே ஓட்டி வந்தேன். இறக்கத்தில் எந்த எஞ்சினின் நோய்தான் வெளியே தெரியும்? அடிவாரத்தில் இறங்கி, "வாங்கலாம்" என்றேன். ஒரே வார்த்தை.

சுந்தரத்திடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாலை போட்டுப் பொங்கல் கொடுத்த மனிதரிடம் வண்டி கடைசியாக எங்கே நின்றது என்று கேட்பது அநாகரிகமாகப் பட்டது.

மூன்று மாதம் வண்டி ஓடியது. வாரம் இரண்டு முறை, வேலூர் போய் ஊர் திரும்பி. தேவசகாயம் வழியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கை கொடுத்துவிட்டுப் போவார். பின்சீட்டில் தலையணை வைத்து எஸ்தரம்மா சாய்ந்திருப்பார். "உங்க புண்ணியம் சார்" என்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு சித்திரை வெயிலில், சோளிங்கர் தாண்டி, ஒரு அரிசி மில்லுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. பானெட்டிலிருந்து ஆவி. நெடுநேரம் எந்த வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் தக்காளி ஏற்றிவந்த மினி லாரிக்காரர் ஒருவர் முன்சீட்டில் எஸ்தரம்மாவை உட்காரவைத்துக்கொண்டார். தேவசகாயம் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போனார். ஆஸ்பத்திரியில் அவர்களுடைய நேரம் தாண்டிவிட்டது. மெஷினில் வேறொருவர் இருந்தார். முறை வருவதற்குள் எஸ்தரம்மாவுக்கு நெஞ்சில் நீர் ஏறி மூச்சு முட்டியது. அவசரப் பிரிவில் சேர்த்துப் பிழைக்கவைத்தார்கள். மூன்று நாள் அங்கே இருந்தார்.

மூன்றாம் நாள் அரிசி மில்லுக்கு நான் போனேன். யாரும் என் முழங்கையைத் தொடவில்லை. பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினின் ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இருக்கும் இணைப்பில், ஓரமாகச் சிவப்புப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. கம்பெனியில் அப்படிப் பசை போட மாட்டார்கள். ரேடியேட்டர் மூடியைக் கழற்றினேன். தண்ணீர்மேல் எண்ணெய். அதாவது இந்த எஞ்சின் முன்பே ஒருமுறை கொதித்து, ஹெட் வளைந்து, அதைக் கழற்றிச் சீவி, பசை தடவி மறுபடியும் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பசையைக் கண்டுபிடிக்கக் கூர்மையான காது தேவையில்லை. கண் இருந்தால் போதும். ஒரு டார்ச் லைட், அரை நிமிடம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேவசகாயம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மூன்று நாள் தாடி. சட்டையில் தக்காளிக் கறை அப்படியே இருந்தது. மில் ஆட்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர், "இவருதான் பாத்துக் குடுத்தவரா?" என்று மற்றவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

தேவசகாயம், "இன்னா சார் ஆச்சி?" என்றார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டு வாக்கியம். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன்.

"டெம்பரேச்சர் முள்ள பாத்தீங்களா சார்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா?

"பாக்கலியே சார். அவங்களுக்கு அன்னிக்கி மூச்சு ஒரு மாதிரியா இருந்துச்சி. கண்ணாடியில அவங்க மொகத்ததான் பாத்துகினு வந்தேன்."

"அதான்" என்றேன்.

முள் ஏறும்போதே நிறுத்தியிருந்தால் எஞ்சின் இவ்வளவு கெட்டிருக்காது என்பது உண்மை. ஆனால் வண்டி அப்போதும் அதே மில்லுக்கு முன்னால்தான் நின்றிருக்கும். எஸ்தரம்மா அப்போதும் தக்காளி லாரியில்தான் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சுற்றி நின்றவர்களின் முகம் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியது. எனக்கு மூச்சு வந்தது.

அன்று மாலையே சுந்தரத்தின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கோபமாகக் கேட்டேன். "கடைசியா எங்கய்யா நின்னுது அந்த வண்டி?"

"காட்பாடி பாலத்து மேல சார்" என்றார் உடனே. "முகூர்த்த நாளு. அண்டாவெல்லாம் உள்ள இருந்துச்சி. கொதிச்சிடுச்சி. ஹெட்ட கழட்டி வேல பாத்தாங்க. பில்லு கூட வெச்சிருக்கேன், எடுத்தாரட்டுமா?"

"ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலியே. கேட்டிருந்தா சாமி சந்நிதியில வெச்சி இல்லன்னு சொல்லுவனா? பெரிய எஞ்சினியரு, கண்ண மூடிக் கேட்டுட்டு வாங்கலாம்னீங்க. ரிப்பேரு பூரா சரியாயிடுச்சின்னு நானும் சந்தோசப்பட்டேன்."

எனக்குக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. இந்த எரிச்சல் உங்களுக்கும் ஒருநாள் வரும். ஏமாற்றினவன் எவனாவது இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் தெரியுமா? இங்கே விற்றவர் நல்லவர், வாங்கியவர் நல்லவர். நடுவில் சோதிக்கப் போனவன் சோதிக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

நேராக ஆர்.கே.பேட்டை போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. வண்டியை என் செலவிலேயே சரிசெய்து, தார்ப்பாய் போர்த்தி, அவர் வீட்டு முன்னால் கொண்டுபோய் விட்டேன். அதோடு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். எட்டு மாதம்.

இடையில் அவருடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் வேறொரு வண்டி விஷயமாக என்னிடம் வந்தார். பேச்சோடு பேச்சாக, "தேவசகாயம் ஸ்டியரிங்க தொடறதில்ல சார். பொண்டாட்டிய நானே கொன்னுடப் பாத்தேன், முள்ள பாக்காம ஓட்டிட்டேன்றாரு. ரெண்டு பேரும் மறுபடியும் பஸ்லதான் போறாங்க" என்றார். அதற்குப் பிறகும் சொல்வதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அது இன்னும் ஒரு நாள் கூடிப்போனது.

கடைசியில் நானாகப் போய்ச் சொல்லவில்லை. சோளிங்கர் பஸ் நிலையத்தில் அவர்கள் எதிரில் மாட்டிக்கொண்டேன். எஸ்தரம்மா தரையில், ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேவசகாயம் நின்றுகொண்டு செய்தித்தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க சார், சௌக்கியமா?" என்றார்.

நின்றபடியே சொன்னேன். "சார், நீங்க முள்ள பாக்காததால வண்டி நிக்கல. அந்த எஞ்சின் அதுக்கு முன்னாடியே ஒரு தடவ கொதிச்சி, ஹெட்ட கழட்டி மாட்டினது. மலை மேல பானெட்ட தெறந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் தெறக்கல. அரிசி மில்லுல தெறந்தேன், தெரிஞ்சிது. தெரிஞ்சும் உங்க மேல போட்டேன்."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு, "நான்தான சார் மால இருக்குது வேணாம்னேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சொன்னா நான் கேக்கணுமா? அதுக்கா சார் என்ன கூட்டிகினு போனீங்க? இதயும் உங்க தலையில எடுத்துப் போட்டுக்காதீங்க!" என்று கத்தியேவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் கத்துவதைப் பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

எஸ்தரம்மா என்னை அண்ணாந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"எட்டு மாசம் முன்னால சொல்லியிருந்தீங்கன்னா, எட்டு மாசம் இவரு தூங்கியிருப்பாரில்ல சார்?"



நான் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி இப்ப சரியா இருக்குதும்மா. அடுத்த வாரத்துலருந்து நானே ஓட்டியாறேன். எத்தன நாளானாலும் சரி."

"நீங்க வேணாம்" என்றார். "இவரு ஓட்டுவாரு."

வேலூர் பஸ் வந்துவிட்டது. தேவசகாயம் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். அப்போது தேவசகாயம் மனைவிக்கு முன்னால் குனிந்து, ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார்.

"சார், அந்த முள்ளு எதுவரைக்கும் இருக்கலாம்?"

"பாதியத் தாண்டக் கூடாது சார். தாண்டினா நிறுத்திடுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வதுபோல், "பாதி, பாதி" என்றார். எஸ்தரம்மா அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்.

"நான் முன்சீட்ல ஒக்காந்து அத பாத்துகினு வரேன். நீங்க ரோட்ட பாருங்க."